என் பேரில் வாங்கிய இருமல் மருந்து

13 ஜூலை 1964, திங்கள்

புட்டி காலியாகவே திரும்பி வந்துவிட்டது. இருமுவது அம்மா. ஆனால் எனக்கென்று சொல்லித்தான் இத்தனை நாளும் டாக்டரிடம் இருமல் மிக்ஸர் வாங்கினேன். இட்லி அவித்து விற்கிறவள் இருமுகிறாள் என்று தெரிந்தால் தாராவியில் யாரும் வாங்க மாட்டார்கள்.

நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு வகுப்பு நடந்ததாம். எங்கள் டாக்டரும் போயிருக்கிறார். இன்று புட்டியை வாங்காமல் என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"உன் நெஞ்சு சுத்தமா இருக்கே. வீட்டுல யார் இருமறா?"

"நான்தான்."

"எங்கே, இருமு பார்ப்போம்."

எனக்கு வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இப்படி நாள்கணக்கா இருமினா மிக்ஸர் போறாது, சளியைச் சோதிக்கணும்னு நேத்து வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னா. அந்த ஆளைக் கூட்டிண்டு வா."

அவர் சொன்ன நோயின் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது.

அம்மா வர மறுத்துவிட்டாள். "அந்தப் பெஞ்சுல என்னைப் பாத்தா நாளைக்கு யாவாரம் ஏதுட்டி?" என்றாள்.

இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிறாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறாள்: "ஏளா, இன்னுமா ஒனக்கு விடல?"

"ஆமாக்கா" என்றேன். அவளுக்குக் கேட்கும்படி இருமினேன். இப்போது வந்தது.