‘வசதிதானா?’ என்று கேட்பதை நிறுத்தியவளுக்கு

மகனுக்கு வாங்கிய புதுப் பனியனை நேற்றுப் பிரித்தேன். மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். சாயந்திரமானால் நம் கிளினிக் முழுக்க அந்த வாடைதானே. நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிலும் நிதானமாக இருந்தவளுக்கு இதில் மட்டும் என்ன அவசரம் என்று உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில் திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதியில், சின்ன அரசு கிளினிக்கில் நாம் இருவரும் நர்சுகள். நான் அவிநாசிபாளையத்துக்காரி; நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். ‘அனைவருக்கும் இலவச வைத்தியம்’ என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஆளே வராத கிளினிக்கை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. ஆட்கள் ஏன் வருவதில்லை என்பதையே நீ உன் மேல்படிப்பு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாய்.

“ஊசி போட்டாப் பத்தாதா? நர்சுக்கு ஆராய்ச்சி வேறயாக்கும்!” என்று நான் கிண்டல் செய்தேன்.

“எல்லாருக்கும்னு எழுதிப் போட்டாச்சு. அந்த எல்லாருல யாரு வரலன்னு பாக்க வேண்டாமாட்டி?” என்றாய்.

வெள்ளைச் சேலையோடு லைன் வீடுகளில் வாசல் வாசலாக ஏறி இறங்கினாய். கிளினிக் நேரம் வசதிதானா, வைத்தியம் திருப்திதானா என்று கேட்டாய். பெண்கள் உன்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “ஒரு கொறையும் இல்லீங்க சிஸ்டர்” என்றார்கள். பூரித்துப்போய் அந்த முடிவை மேலே அனுப்பியும் விட்டாய்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி செல்வி. கர்ப்பிணி, கம்பெனியில் டெய்லர். வேலையில் மயங்கி விழுந்தவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தாள். அதுவரை ஒரு தடவைகூடப் பரிசோதனைக்கு வந்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள், குழந்தை தங்கவில்லை. பார்க்கப் போனபோது, “எல்லாம் வசதியா இருக்குன்னு சொன்னியேம்மா?” என்று கேட்டாய்.

அவள் சங்கடத்தோடு சிரிக்கப் பார்த்தாள். “ஊடு தேடி வந்து அத்தன அன்பாக் கேட்டீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?”



அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணச் சேலையில் கிளம்பினாய். அவர்கள் துணி துவைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, “நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னெல்லாம் செஞ்ச, சொல்லு கேப்போம்” என்றாய். அப்போதுதான் கதை வந்தது. ஒன்றரை ஷிப்ட் வேலை, பன்னிரண்டு மணி நேரம். நாம் கதவைத் திறக்கும் முன்பே கம்பெனிக்குள் போய், நாம் பூட்டிப் போன பிறகுதான் வெளியே வருகிறார்கள். வரிசையாக உட்கார்ந்து தைக்கும்போது ஒருத்தி எழுந்துபோனால் அடுத்தவளுக்குத் துணி வராது, மொத்த வரிசையும் நிற்கும். அதற்கு விழும் ஏச்சுக்குப் பயந்தே உடம்புக்கு முடியாதவளும் எழுவதில்லை.

மேலதிகாரியின் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவர் உன் பழைய முடிவைத்தான் கையில் வைத்திருந்தார். “எல்லாரும் திருப்தின்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா. அப்ப நேரத்துல தப்பில்ல. தேவையில்லாததாலதான் வரல. மூடிரலாம்.”

“அது நான் தப்பாக் கேட்ட கேள்வி சார்” என்று எழுந்தாய். படிப்பு கெட்டுவிடப் போகிறதே என்று நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். நீ உட்காரவில்லை. செல்வியின் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னாய். துவைக்கும் கல்லருகே கேட்டதையெல்லாம் சொல்லி, சாயந்திரமும் திறக்க வேண்டும் என்றாய். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். “சரி, சாயந்திரம் தொறந்தா யாரும்மா இருப்பாங்க?”

“நாங்க ரெண்டு பேரும் இருப்போம் சார்.”

வெளியே வந்ததும், “என்ற தலையையும் சேத்து அடகு வெச்சுட்டியே” என்று உன்னோடு சண்டை போட்டேன். நீ சிரித்துக்கொண்டே டீ வாங்கித் தந்தாய்.

சோதனைக்காகச் சாயந்திரம் திறந்து, அவர்கள் வேலை விட்டு வரும்வரை வைத்திருந்தோம். தலையில் பஞ்சு ஒட்டியபடி பெண்கள் வந்தார்கள்; வர வர பெஞ்சு போதவில்லை. அடுத்த குழந்தை வயிற்றிலிருந்தபோது செல்வி மாதம் தவறாமல் வந்தாள். மூடும் பேச்சு அடங்கி, மற்ற தொழிலாளர் பகுதிகளிலும் மாலை கிளினிக் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதில் உன் பெயர் எங்கும் இல்லை. எனக்கு ஆத்திரமாக இருந்தது. “பேரு கெடக்கட்டும். நேரத்தச் சரியாப் போட்டிருக்காவளான்னு பாரு” என்றாய்.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தேனே, அன்று நீ பாதியாக இளைத்துக் கிடந்தாய். “வலி இருக்கா?” என்று கேட்டேன். “பரவால்லட்டி” என்றாய். உன் அம்மா பக்கத்தில் நின்றார். அவரை அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நேத்துப் பொழுது எப்படிப் போச்சு? மொதல்ல இருந்து சொல்லு” என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு சொன்னாய், ஒன்றுவிடாமல். சொல்லி முடித்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முன்னால் அழுதாய். நான் உன் கையை விடவில்லை.

இப்போது நானும் நோயாளிகள் யாரிடமும் அவசரமாகக் கேட்பதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்கிறேன். வரிசை நீள்கிறது, டாக்டர் திட்டுகிறார். திட்டட்டும். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் எழுவதில்லை.