கெவினின் தாடை

மான்செஸ்டர்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், சளிகூட இல்லை.

"அது என்னடா வேலை, அப்பிடிக் கத்தறாங்க?" என்று போனில் கேட்டீர்கள். பதில் பாதி கேட்கவில்லை என்றதால் எழுதுகிறேன். கலைந்துபோன ஒரு பழைய ராக் குழுவைப் போலவே வேஷம் கட்டி, அவர்கள் பாட்டையே பாடும் குழு இது. நம்மூர்க் கூத்து மாதிரிதான். பாடகர் கெவின் டோப்பாவைக் கழற்றிவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்ப்பதை ஒப்பனை அறையில் படம் எடுத்தேன். அன்றைய நிகழ்ச்சிப் படங்கள் பிடித்தால்தான் மற்ற ஊர்களுக்கும் உன்னை அழைத்துப் போவோம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

மேடையில் கெவின் குனிந்தே பாடினார், முகத்தில் வெளிச்சமே விழவில்லை. இண்டூர் மண்டபத்தில் ஒரு நல்ல படத்துக்காகத் தாலி கட்டுவதையே நிறுத்திவைத்த கை சும்மா இருக்குமா? பாட்டின் நடுவே ஏறிப்போய், அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "இங்க பாருங்க சார்" என்றேன். தமிழில்தான். அவர் பார்த்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

"உன்னை யார் ஏறச் சொன்னது?" என்றார் மேலாளர். நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

"நாளைக்கும் அதே பாட்டில் ஏறு" என்றார்.

இப்போது ஊர் ஊராக ஏறுகிறேன், முதல் நாள் செய்ததைப் போலவே. குழுவில் நானும் ஒரு நகல்.

ஒரு சின்ன வேலை. வீடியோவில் பேசும்போது போனை நேராகப் பிடியுங்கள். ஃபேன் மட்டும்தான் தெரிகிறது, அது நலமாக இருக்கிறது. உங்கள் தாடையைப் பிடித்து நிமிர்த்தலாம் என்றால் இங்கிருந்து கை எட்டவில்லை.

வண்டி கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள்
பிரபாகர்