காக்காவின் சீனி வருத்தத்துக்கு வாப்பாவா பொறுப்பு?

மண்ணுக்குள் கபுறில் நிம்மதியாக இருக்கும் என் வாப்பாவுக்கு, உங்கட சின்ன மகளின் ஸலாம்.

மருதமுனையில் எல்லாரும் சுகம். உங்கட மகன், என் காக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு இருந்த சீனி வருத்தம், அந்த நீரிழிவு, அவருக்கும் வந்துவிட்டது. வந்த நாள் முதல் உங்களைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்.

"வாப்பா எனக்குத் தந்திட்டுப் போன சொத்து இதுதான்" என்பார், இனிப்பு வட்டிலப்பத்தை வழித்துக்கொண்டே. மதினி தட்டை இழுத்தால், "பரம்பரை வருத்தம் புள்ள, நான் பட்டினி கிடந்தா மாறுமா?" என்பார். பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான். மருந்து, ஞாபகம் வந்தால் உண்டு.

இதைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா? சீனியில்லாத பிளேன்டீயோடு நீங்கள் வயலுக்கும் பள்ளிவாசலுக்கும் சைக்கிள் மிதித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பிறகு காக்காவின் காலில் புண் வந்தது. "இன்னும் பிந்தியிருந்தா விரலை எடுத்திருக்கணும்" என்றார் டொக்டர். பயந்துபோனோம். வார்டில் படுத்துக்கொண்டும் காக்கா உங்கட பேரைத்தான் இழுத்தார். பக்கத்தில் அவருடைய மகள் றிஸ்னா, நிறைமாத வயிற்றோடு இருந்தாள். உங்கட பேத்திக்கு வாய் சும்மா இருக்குமா?

"வாப்பா, நாளைக்கு என்ட புள்ளைக்கும் இது வந்தா, அது யாரை ஏசும்?"

"அதுட மூத்தாப்பாவைத்தான்!" என்றார் வேகமாக. பிள்ளையின் உம்மாவைப் பெற்ற அந்த மூத்தாப்பா தான்தான் என்று விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் கிடந்தவர்கூடச் சிரித்துவிட்டார். கொஞ்சம் பொறுத்துக் காக்காவும் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

புண் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது விடியற்காலையில் சுபஹு தொழுததும் மதினியையும் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார். கல்யாண வீடுகளில் மற்றவர்களின் தட்டை எட்டிப் பார்த்துப் புத்தி வேறு சொல்கிறார். இந்தத் தொல்லையை எங்கே போய்ச் சொல்ல!

நேற்று நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "வருத்தம் வாப்பாக்கிட்டயிருந்து வந்திருக்கலாம், தங்கச்சி. அள்ளித் தின்டது நான்தானே."

ஓம் வாப்பா, நானும் நடக்கிறேன். என் இரத்தத்திலும் சீனி எல்லையில் நிற்கிறதாம். நீங்கள் யோசித்துக் கவலைப்பட வேண்டாம்.

றிஸ்னாவுக்குப் பெண்பிள்ளை, உங்கட மூக்கு. இனி இந்த வீட்டில் உங்கட பேரை இறைவனிடம் துஆ கேட்க மட்டும்தான் எடுப்போம். இது என் வாக்கு.

உங்கள் கடைக்குட்டி மகள்