கேடனின் வலது முழங்கால்

மே 9, வியாழன்
கேடன் ரஸ்க் இன்று இரண்டு ஹோம் ரன் அடித்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தேன். எனக்கு முப்பத்தொன்று, பேஸ்பாலின் கீழ்மட்டமான மைனர் லீகில் ஒன்பதாவது வருடம். அவனுக்கு இருபத்திரண்டு. இருவருமே கேட்சர்கள்: பேட்டருக்குப் பின்னால் குந்தி, பந்து எறியும் பிட்சருக்கு எந்தப் பந்து என்று சைகை காட்டி, அதைப் பிடிப்பவர்கள். மேலே பெரிய அணியில் இடம் காலியானால் ஒருவனைத்தான் கூப்பிடுவார்கள். மைதான வாசலில் அவன் பெயர் போட்ட சட்டை விற்கிறது. என் பெயர் போட்ட சட்டை ஊரிலேயே ஒன்றுதான், அதை நான் போட்டிருக்கிறேன்.

மே 10
நல்ல பையன் வேறு. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 2
இன்று ஒன்று கண்ணில் பட்டது. பிட்சர் வளைவுப் பந்து போடப்போகிறார் என்றால், கை சுழல்வதற்கு முன்பே கேடனின் வலது முழங்கால் தரையில் இறங்குகிறது. வேகப் பந்துக்கு இறங்குவதில்லை. முதல் பேஸ் பக்கம் நிற்கும் எதிரணிப் பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, பேட்டருக்குக் கேட்கிற மாதிரி "விடாத ராசா" என்று கத்துகிறார்; வளைவுப் பந்து வருகிறது என்பதற்கு அதுதான் குறி. எண்ணினேன். ஆறு தடவை, ஆறும் சரி. பந்து போட்டவன் வெர்ன், நாலு வருடமாக என் அறைத் தோழன். சாத்து சாத்தென்று சாத்திவிட்டார்கள் அவனை.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேடனே வந்து, "இன்னைக்கு நான் எப்படிண்ணே?" என்றான்.

"பிரமாதம் தம்பி" என்றேன்.

ஜூன் 18
அணி அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் டெல்லா கூப்பிட்டார்.

"இதப் பாருங்க லைல். நீங்க பிடிச்சா எதிரணி ஒரு ஆட்டத்துக்கு மூணு ரன். கேடன் பிடிச்சா அஞ்சரை. அதே பிட்சருங்கதான். ஒன்பது வருஷமா இத ஒருத்தரும் எண்ணிப் பாக்கலையே. மேலிடத்துக்கு அனுப்பறேன்."

வயிறு குளிர்ந்தது. அந்த இரண்டரை ரன்னில் என் கைத்திறமை எவ்வளவு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எவ்வளவு? அதை டெல்லாவிடம் எப்படிக் கேட்பது?

ஜூலை 3
உள்ளூர்ப் பேப்பரில் என் படம். 'யாரும் கவனிக்காத கேட்சர்.' கேடனே அதை வெட்டி என் அலமாரியில் ஒட்டியிருக்கிறான். இவனுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியாதா? எல்லாவற்றையும் நான் ஒருத்தனே படவேண்டியிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு
வெர்னை அனுப்பிவிட்டார்கள். நேற்று கேடன் பிடித்த ஆட்டத்தில் ஒன்பது ரன் கொடுத்தான். மேனேஜர் அறைக்குள் போனான், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தான். அவ்வளவுதான்.

"வளைவுப் பந்து செத்துப்போச்சுடா லைல். என் கை போயிடுச்சு" என்றான்.

கை போகலடா. உன் கைக்கு ஒண்ணும் ஆகலடா, பாவி நான்தான் — இங்கே எழுதத்தான் முடிகிறது. பையைத் தூக்கிப்போய் அவன் காரில் வைத்தேன். நெப்ராஸ்காவில் மச்சானின் டயர் கடைக்குப் போகிறானாம். "பாத்துப் போடா" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 22
இப்போது சொன்னால், எப்போது பார்த்தாய் என்று கேட்பார்கள். கேடன் திருந்தினால் எங்கள் கணக்கிலுள்ள வித்தியாசமும் போய்விடும். இன்னும் கொஞ்ச நாள்தானே.

என்ன மனுஷன்டா நீ?

ஆகஸ்ட் 11, ஞாயிறு
மேனேஜர் கூப்பிட்டார். "மேல உன்னைத்தான் கேக்கறாங்க. அந்தக் கணக்கப் பாத்து அசந்துட்டாங்கப்பா." அம்மாவுக்கு போன் செய்தேன். இரண்டு பேரும் அழுதோம். ஒன்பது வருடம்.

மூட்டை கட்ட உதவுகிறேன் என்று கேடன் அறைக்கு வந்தான். இனி இழக்க ஒன்றுமில்லை. முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

கேடன் கம்பளத்தில் குந்தி மூன்று தடவை செய்து பார்த்தான். முழங்கால் தானாக இறங்கியது. எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"கெளம்புற நேரத்துலயும் என்னை நெனைக்கிறீங்களே அண்ணே."

பிறகு அவன் முகம் மாறிற்று. "அப்போ வெர்ன் அண்ணனுக்கு வேலை போனது... என்னாலயா?"

நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்போண்ணே பாத்தீங்க இத?"

"நேத்துத்தான்" என்றேன்.

"வெர்ன் அண்ணன் நம்பர் குடுங்க. நான் மன்னிப்புக் கேக்கணும்."

கொடுத்தேன். நாளைக் காலை ஏழு மணிக்கு விமானம்.