நான் விழுங்கிய வரி

பேராவூரணி
5.12.2003

அன்பு மகன் சுஹைபுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் அம்மாவும் தங்கை ஃபஹ்மிதாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்ததால் குறுவை இந்த வருடமும் இல்லை, மண்டிக்குத் தேங்காய் வரத்தும் குறைவுதான். போன ஞாயிறு நீ போன் செய்தபோது, ஃபஹ்மிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள், எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் அல்லவா, அது பொய். உள்ளதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

நோன்பில் உன் கடிதமும் போட்டோவும் வந்தன. கண்ணாடிக் கிண்ணத்தில் இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு காது. விலா எலும்பின் குருத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கடல்பாசிக் கூழில் கலந்து, காது அச்சில் ஊற்றி, சூடு குறையாமல் வைத்தால், கூழ் மெல்லக் கரைந்துபோக அணுக்கள் தாங்களே குருத்தெலும்பு கட்டிக்கொள்கின்றன என்று எழுதியிருந்தாய். இளநீர் வழுக்கை முற்றித் தேங்காயாவது போல என்றும் எழுதியிருந்ததால் எனக்குக்கூடப் புரிந்தது. அன்று நோன்பு திறக்க அம்மா பாலில் கடல்பாசி காய்ச்சி உறைய வைத்திருந்தாள். ஃபஹ்மிதா அதில் ஒரு துண்டை எடுத்து இடது காதருகே வைத்துக்கொண்டு, இப்ப நல்லா கேக்குது அத்தா என்று கேலி செய்தாள். அம்மா சிரித்தாள், நான் அதட்டினேன்.

பிறந்தபோதே அவளுக்கு இடது காது இருக்க வேண்டிய இடத்தில் பலாக்கொட்டை அளவு சதைதான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். சொந்தத்தில் மற்ற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் காது குத்தி விளிம்பு நெடுக அலுக்கத்து வளையம் போட்டபோது, இவளுக்குக் காதில் புண் என்று சொல்லிச் சொல்லியே நாள் கடத்தினேன். ஆறு வயதில் முக்காட்டை இறுக்கிப் போடச் சொன்னதும் மார்க்கத்துக்காக அல்ல, மறைக்கத்தான்.

பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை சீர்காழியிலிருந்து வந்தார்கள். காது விஷயத்தைச் சம்பந்தம் கொண்டுவந்த மீரா சாகிப் மாமா முன்பே சொல்லியிருந்தார், தெரிந்துதான் வந்தார்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காபி கொடுத்த கையோடு போட்டோவை நீட்டி, உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். இதெல்லாம் இன்னும் எலியின் முதுகில் வளர்த்துப் பார்ப்பதோடுதான், மனிதர்களுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஃபஹ்மிக்கு ஆசை காட்ட வேண்டாம் என்று நீ எழுதிய வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக, அடுத்த பெருநாளுக்குள் தங்கைக்குக் காது கொண்டுவருகிறேன் என்று நீ எழுதியிருப்பது போல வாசித்தேன். அது எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ தெரியவில்லை.

ஃபஹ்மிதா உள்ளேயிருந்து வந்தாள். நானும் இந்தக் கடுதாசியப் படிச்சேன், அப்படி ஒரு வரி இதுல இல்ல அத்தா என்று சொல்லி, என் கையிலிருந்து வாங்கி, நான் விட்டதை வாசித்தாள். பிறகு முக்காட்டை விலக்கி, இதுதான் என் காது என்று காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா, காது இல்லன்னு தெரிஞ்சுதாங்க வந்தோம், கடுதாசிய மாத்திப் படிப்பீங்கன்னு தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். உன் பெயரில் பொய் சொன்னதற்கு நீயும் என்னை மன்னிக்க வேண்டும்.

நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் மண்டியிலேயே கிடந்தேன். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்க போனது வருத்தந்தான் அத்தா, ஆனா இந்தக் காதோட நான் இருபத்திரண்டு வருசம் இருந்துட்டேன், உங்களாலதான் ஒரு நாளும் முடியல என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீ கடிதத்தில் ஆய்வுக்காகக் கேட்டிருந்தபடி அவள் நல்ல காதுக்கு அச்சு எடுக்க, கட்டுப்பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைப் பல் டாக்டரிடம் வாங்கி வந்திருந்தேன். ரெண்டு பக்கமும் எடுங்க, அண்ணனுக்கு ரெண்டும் தெரியட்டும் என்றாள். நானே குழைத்து வைத்தேன். அந்தச் சின்னக் காதை என் கை தொட்டது அன்றுதான் முதல் தடவை சுஹைப். குளிருது அத்தா என்று சிரித்தாள், எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்திலேயே கிடக்காதே. எங்களுக்காக வேலையில் அவசரப்படாதே, எலிக்குச் சரியாக வந்த பிறகு மனிதர்களுக்கு வரட்டும். அல்லாஹ் உன் கையில் பரக்கத்தைத் தருவானாக. அம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் இரண்டு அச்சும் இருக்கின்றன. சின்னதைப் பார்த்து, சரியாகப் படியவில்லை என்று எறிந்துவிடாதே, அது சரியாகத்தான் படிந்திருக்கிறது. உள்ளே என்ன பொருள் என்று கேட்கும் தபாலாபீஸ் பாரத்தில் முதலில் பழைய புத்தியில் விளையாட்டுச் சாமான் என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, என் மகள் ஃபஹ்மிதாவின் இரண்டு காதுகள் என்று எழுதியிருக்கிறேன்.

துஆவுடன்,
உன் அத்தா
பக்கீர் முகம்மது