மூன்றாவது சாவி

அன்பு மகளே,

கடலோர நகரத்தில் என் நண்பனும் அவன் மனைவியும் நன்றாகவே காலூன்றிவிட்டார்கள். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நான் வந்து இறங்கியதும் கப்பல்களெல்லாம் ஊதி என்னை வரவேற்றன என்றால் நீ நம்பமாட்டாய்.

உப்புக் காற்றில் அவர்கள் வாசல் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. "பூட்டு வைத்தியத்துல என்னை மிஞ்ச ஆளே கிடையாது" என்று சொல்லித் திருகினேன். சாவி பாதி என் கையில், பாதி பூட்டுக்குள். உள்ளே போக வழியில்லாமல் மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"உனக்கு வாய் மட்டும் கப்பல் நீளம்டா!" என்றான் நண்பன்.

பூட்டுக்காரர் வந்து புதுப் பூட்டை மாட்டி, "எத்தனை சாவி வேணும்?" என்றார்.

"மூணு" என்றாள் அவன் மனைவி. "அண்ணே, ஊர்ல தனியா எதுக்கு? இங்கயே இருந்துடுங்க."

ஊரே என்னை நம்பித்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. எனக்கே! உன் சித்தி போனதிலிருந்து அந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான் போட்டி போட்டுப் பேசுகிறோம்.

சாவியை வாங்கிக்கொண்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விடுமுறைக்கு நீ அந்த வீட்டுக்குத்தானே வருவாய்? இங்கே வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப்போடு, உடனே சம்மதம் சொல்லிவிடுகிறேன்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள் என்றுதான் ஊரில் சொல்வேன். நீயும் அப்படியே சொல்.

உன் சித்தப்பா