முதல் பூச்சு

என் அலுவலகச் சுவருக்கு இன்று காலை, வண்ணத்துக்கு முன் பூசும் பிரைமர் அடித்தார்கள். அந்த வாடையில் உங்கள் நினைவு வந்தது.

நீங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் ஆய்வக உதவியாளர்; விடுமுறை நாட்களில் வடக்கனந்தலில் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். உங்கள் பேராசிரியர், புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் பாலிமர் படலம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அதன் திறனைக் கூட்ட, கல்வராயன் மலை மூங்கிலைக் கரியாக்கி, அந்த நுண்துளைப் பொடியைக் கலந்தார். பொடி பாலிமரோடு ஒட்டவில்லை. துகள்களைச் சுற்றி விழுந்த இடைவெளியில் எல்லா வாயுக்களும் பிரியாமலே தப்பின. நீங்கள்தான் அதே பாலிமரை நீர்க்கக் கரைத்து, முதலில் பொடிக்கு மெல்லிதாகப் பூசிவிட்டுப் பிறகு கலந்தீர்கள். படலம் தேறியது.

காப்புரிமை விண்ணப்பத்துக்காகக் கண்டுபிடிப்பாளர் யார் என விசாரிக்க, காப்புரிமை முகவரான என்னை அழைத்தார்கள். பேராசிரியர் அமர்ந்திருந்தார், நீங்கள் நின்றிருந்தீர்கள். யாருடைய யோசனை என்று கேட்டேன்.

"எல்லாம் ஐயா சொன்னதுதாங்க. நான் இன்னா, கலக்கிக்கினு இருந்தேன்."

எழுதிக் கையொப்பம் பெற்றேன். படியிறங்குகையில், நான் கேட்காமலே சொன்னீர்கள்: "சொவத்துக்கு அடிக்கிற மாதிரிதான் சார். மொதல்ல தண்ணியா ஒரு கோட்டு போட்டாதான் மேல புடிக்கும்." அந்த விசாரணைக் கோப்பை நான் மீண்டும் திறக்கவில்லை.

காப்புரிமை கிடைத்ததும் நகலுடன் வந்தீர்கள். "எம் பேரு எங்க சார்? பொண்ணு மூணு வாட்டி தேடிட்டா."

"யோசனை ஐயாவோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிரித்தீர்கள். "அவர எதிர்ல வச்சிக்கினு வேற இன்னா சார் சொல்றது? உங்களுக்குத் தெரியாதா?"

எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்றேன். அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டீர்கள். பிறகு உங்கள் மகள் வந்து, "அப்பா பேர இப்பவாவது சேக்க முடியுமாங்க?" என்று கேட்டாள். கையொப்பமிட்ட வாக்குமூலத்துக்கு மாறாகச் சான்று எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். படியில் உங்களோடு நின்ற சான்று நான்.

இப்போதெல்லாம் இத்தகைய விசாரணையில், மேலதிகாரியை வெளியே அனுப்பிவிட்டு, கீழே வேலை செய்பவரை உட்காரவைத்துத்தான் கேட்கிறேன். கவனமானவர் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அன்றும் அந்த அறையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.